பதினொரு பேர் எதற்கு?

கால்பந்துக்குப் பதினொரு பேர் வேண்டும் என்பது யாரோ ஊதாரிகள் போட்ட விதி. இங்கிலாந்தின் வடமேற்குக் கடலோரத்தில் இருக்கும் பிளாக்பூல் கிளப்பின் முதலாளிகளான ஆய்ஸ்டன் குடும்பத்தார் 2014 கோடையில் அதைத் திருத்திக் காட்டினார்கள். சீசன் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது ஒப்பந்தத்தில் இருந்த ஆட்டக்காரர்கள் எட்டே பேர். கோல்கீப்பர் கிடையாது. எதிரணி மீது அப்படியொரு மரியாதை!

பெல்ஜியத்திலிருந்து ஜோஸே ரிகா என்ற பயிற்சியாளரை வரவழைத்திருந்தார்கள். மனிதர் பயிற்சி கொடுக்கத் தயாராகத்தான் வந்தார், வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. ஸ்பெயினுக்குப் போவதாக இருந்த பயிற்சிப் பயணமும் ரத்தானது. முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை தேடுவதுபோல, கடைசி நாட்களில் கிடைத்தவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கி, ஆகஸ்ட் 9 அன்று நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு எதிராகக் களமிறக்கினார்கள். மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்ச் அப்போதும் நிறையவில்லை. 2-0 என்று தோற்றார்கள். அக்டோபர் இறுதியில் ரிகாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். லீக்கில் ஒரே ஒரு வெற்றிதான் பெற்றாராம். பெற்றாரே, அதுவே அதிசயம். அந்த சீசனில் பிளாக்பூல் 26 புள்ளிகளோடு கடைசி இடத்தில் முடித்துத் தரமிறங்கியது. அடுத்த ஆண்டு இன்னொரு படியும் இறங்கியது.

ஏழைக் கிளப், என்ன செய்வார்கள் பாவம் என்று உங்களுக்கு இரக்கம் வரலாம். வேண்டாம், மிச்சம் பிடியுங்கள். இதே கிளப் 2010இல் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. ஒரே ஒரு சீசன்தான், ஆனால் தொலைக்காட்சிப் பணம் கொட்டியது. இறங்கிய பிறகும், விழுந்த அடி தெரியாமலிருக்க ‘பாராசூட்’ பணம் அப்போது நான்கு ஆண்டுகளுக்குக் கிடைத்தது. பாராசூட் முதலாளிகளுக்கு அழகாக விரிந்தது. தரையில் மோதியது அணி. 2010-11 கணக்கில் மட்டும், முதலாளி ஓவன் ஆய்ஸ்டனின் சொந்தக் கம்பெனிக்கு 1.1 கோடி பவுண்டு போயிருக்கிறது, இயக்குநர் சேவைக்காக. அந்த சீசனில் அவர் ஒரு கோல் அடித்ததாகவோ ஒன்றையாவது தடுத்ததாகவோ எங்கும் பதிவில்லை.

கடைசியில் கிளப்பின் சிறுபங்குதாரரான லாட்வியாக்காரர் வலேரி பெலோகோன் வழக்குப் போட்டார். ஆய்ஸ்டன்கள் கிளப்பிலிருந்து 2 கோடியே 67 லட்சம் பவுண்டுக்கு மேல் முறைகேடாக உருவியதாக 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்புறம் கோல்கீப்பர் வாங்கக் காசு எங்கிருந்து மிஞ்சும்?

இதையெல்லாம் கண்ணெதிரே பார்த்த ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. ‘இனி ஒரு பென்னி தரமாட்டோம்’ என்று மைதானத்தைப் புறக்கணித்தார்கள். தன் சொந்த ரசிகர்கள் மீதே அவதூறு வழக்குப் போட்ட பெருமையும் இந்தக் குடும்பத்துக்கு உண்டு. ஓய்வுபெற்ற ரசிகர் ஒருவர் சமூக வலைத்தளத்தில் எழுதியதற்காக 20,000 பவுண்டு தர வேண்டி வந்தது. கிளப் தலைவரான மகன் கார்ல் ஆய்ஸ்டன் தன் காருக்கு, ‘ஆய்ஸ்டன் அவுட்’ என்ற ரசிகர்களின் கோஷமாகவே படிக்கும்படி ஒரு நம்பர் பிளேட் வாங்கி மாட்டிக்கொண்டார். திருடனே ‘திருடன், திருடன்’ என்று கத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறோம். அதைக் காரில் எழுதி ஒட்டிக்கொண்டு ஊருக்குள் வலம் வர வேறு வகைத் தெம்பு வேண்டும்.

கால்பந்து அதிகாரிகள் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் பாவம் வரும். கார்ல் ஒரு ரசிகருக்கு வசைக் குறுஞ்செய்திகள் அனுப்பியதற்காக 2015இல் 40,000 பவுண்டு அபராதமும் ஆறு வாரத் தடையும் விதித்தார்களே! அப்பா ஓவனோ 1996இல் வன்புணர்வுக் குற்றத்துக்காக ஆறாண்டு சிறைத்தண்டனை பெற்றவர். கிளப்பை அவர் 2019 வரை கையில் வைத்திருந்ததில் எந்த அதிகாரிக்கும் தூக்கம் கெடவில்லை. கோலடித்த சந்தோஷத்தில் ஒரு பையன் சட்டையைக் கழற்றினால் நடுவர் அந்த நிமிடமே மஞ்சள் அட்டையை நீட்டுகிறார். ஓர் ஊரின் வேட்டியையே உருவியவர்களை நிறுத்தவோ, லாட்வியாவிலிருந்து ஒருவர் தன் பங்குக்காகக் கோர்ட்டுப் படியேற வேண்டியிருந்தது.