அரண்மனையில் ஒண்டுக்குடித்தனம்

பிரான்ஸ் கிராமத்தில் பழைய மாளிகையை ஒரு வாரம் வாடகைக்கு எடுக்கிறவர்கள் முதலில் கேட்பது, "கட்டில் இருக்கிறதா?" நியாயமான கேள்வி. 1519-ல் ஷாம்போர் மாளிகையைக் கட்ட ஆரம்பித்த மன்னர் முதலாம் பிரான்சுவாவுக்கு அது தோன்றவே இல்லை. நானூற்றுச் சொச்சம் அறைகள், 282 கணப்படுப்புகள், ஏறுகிறவரும் இறங்குகிறவரும் முட்டிக்கொள்ளாத இரட்டைச் சுருள் படிக்கட்டு, எல்லாம் உண்டு. கட்டில் கிடையாது. ராஜா வேட்டைக்கு வரும்போது கட்டில், நாற்காலி, சுவரில் தொங்கவிடும் கம்பளம் எல்லாம் வண்டியேறிக் கூடவே வரும். திரும்பும்போது கூடவே போகும். 32 வருட ஆட்சியில் அவர் அங்கே தங்கிய நாட்களைக் கூட்டினால் மூன்று மாதம்கூடத் தேறாது. 'வீட்டைக் கட்டிப் பார்' என்று நம் ஊரில் சொல்வதை யாராவது அவர் காதில் போட்டிருக்கலாம்.

மகன் இரண்டாம் ஆன்ரி உஷார். இருந்ததைத் தூக்கிக் கொடுத்தார். 1547-ல் பட்டமேறிய கையோடு, ஷேர் நதிக்கரையில் இருந்த ஷெனோன்சோ மாளிகையைக் காதலி டியான் த புவாத்தியேவுக்குத் தாரை வார்த்தார். அம்மையார் அவரைவிட ஏறக்குறைய 20 வயது மூத்தவர். பட்டமகிஷி கத்தரீன் த மெதிசி பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். (பேசாமல் இருப்பவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.) டியானோ தோட்டம் போட்டு, ஆற்றுக்குக் குறுக்கே அக்கரை வரைக்கும் பாலமும் கட்டிவிட்டார்.

1559. மகள் கல்யாணக் கொண்டாட்டத்தில் நாற்பது வயது மாமனார் ஆன்ரி குதிரையேறி ஈட்டிப் போட்டியில் இறங்கினார். எதிராளியின் ஈட்டி முறிந்து சிலாம்பு கண்ணில் பாய, பத்தே நாளில் ஆள் காலி. அடுத்துக் காலி செய்ய வேண்டியவர் டியான். கத்தரீன் நல்ல வீட்டுக்காரம்மா, நடுத்தெருவில் விடவில்லை. ஷெனோன்சோவைப் பிடுங்கிக்கொண்டு பதிலுக்கு ஷோமோன் மாளிகையைக் கொடுத்தார். டியானுக்கு அந்த வீடு பிடிக்கவில்லை போலிருக்கிறது, சீக்கிரமே ஆனேயில் இருந்த சொந்த மாளிகைக்குப் போய்விட்டார். கத்தரீன் சக்களத்தி கட்டிய பாலத்தின் மேலேயே 60 மீட்டர் நீளத்துக்குக் கூடம் எழுப்பி விருந்து வைத்தார். அஸ்திவாரச் செலவு மிச்சம்!

அந்தக் கூடத்துக்கு வாய்த்த குடித்தனக்காரர்களைச் சொல்லி மாளாது. முதல் உலகப் போரில் அது ஆஸ்பத்திரி. 2,000-க்கும் மேற்பட்ட காயம்பட்ட சிப்பாய்கள் வந்துபோனார்கள். 1940-ல் ஜெர்மானியர் பிரான்ஸைக் கூறுபோட்டபோது அந்த வட்டாரத்தில் ஷேர் நதியே எல்லைக்கோடு ஆயிற்று. வாசல் அவர்கள் பக்கம், கூடத்தின் கொல்லைக்கதவு மறுபக்கம். வாசலில் நுழைந்து கொல்லை வழியே தப்பித்தவர்கள் உண்டு. இரண்டு சக்களத்திகள் சேர்ந்து செய்த ஒரே நல்ல காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

சின்ன ஜமீன்களின் கதை வேறு. புரட்சி வெடித்த 1789 கோடையில் குடியானவர்கள் தடியோடு மாளிகை வாசலில் வந்து நின்று கேட்டது பொன்னையோ பொருளையோ அல்ல, தாங்கள் கட்ட வேண்டிய பாக்கியெல்லாம் எழுதியிருந்த பழைய பதிவேடுகளை. கொடுத்தால் காகிதம் எரிந்தது. கொடுக்காவிட்டால் சில இடங்களில் வீடும் சேர்ந்து எரிந்தது.

தப்பிய வீடுகளுக்கு 1798-ல் வேறு சனி பிடித்தது: ஜன்னல் வரி. எத்தனை கதவு, எத்தனை ஜன்னல் என்று எண்ணி வரி போட்டார்கள். வீட்டுக்காரர்கள் செங்கல் வாங்கி ஜன்னலை அடைத்தார்கள். வரி ஒழிந்தது 1926-ல். அப்புறமும் பல ஜன்னல்களை யாரும் திறக்கவில்லை. உங்கள் அறை பட்டப்பகலில் இருட்டாக இருந்தால் வீட்டுக்காரரைத் திட்டாதீர்கள்.

1936-ல் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் லீவு என்று சட்டம் வந்தது. லீவில் தங்க இடம் வேண்டுமே! 1951-ல் முதல் கிராமத்து விடுமுறை வீடு வாடகைக்குத் திறந்தது. அந்த மாதிரி வீட்டுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஜீத்'. முயல் படுக்கும் பள்ளத்துக்கும் அதே சொல்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் சாவி வாங்கினால், அடுத்த சனிக்கிழமை காலையில் பெருக்கித் துடைத்துவிட்டுக் காலி செய்ய வேண்டும் என்பதுதான் அங்கே பொதுவான வழக்கம். கட்டில் இருக்கும். படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேருமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பல வீடுகளில் சேராது. பிரான்சுவா மாதிரி நீங்கள்தான் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டும்.