பிக்கப்பை விற்காமல் பெட்ரோலை மிச்சம் பிடிப்பது எப்படி?

டெக்சஸில் வேலை கிடைத்து, ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் வீடு வாங்கி, தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு பிக்கப் டிரக் நிற்பதைப் பார்த்து நீங்களும் ஒன்றை வாங்கிவிட்டீர்கள். தப்பே இல்லை. ஃபோர்டின் எஃப் வரிசைதான் 1977இலிருந்து அமெரிக்காவில் அதிகம் விற்கும் டிரக். ஊரோடு ஒத்து வாழ்கிறீர்கள். இப்போது டவுன்டவுன் ஆபீஸுக்குப் போக முப்பது மைல், வர முப்பது மைல். ஏற்றிப் போகும் சரக்கு: லேப்டாப் ஒன்று, தயிர்சாத டப்பா ஒன்று, நீங்கள். இதற்கு இரண்டு டன்னுக்கு மேல் வண்டி.

பெட்ரோல் செலவைக் குறைக்க வழி கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஒரே ஒரு யோசனையை மட்டும் இங்கே தேடாதீர்கள். அதை வீட்டில் ஏற்கனவே சொல்லியிருப்பார்கள்.

முதலில் மானம், பிறகு பணம். மதுரையிலிருந்து மாமனார் போன் பண்ணி, "வண்டி எவ்வளவு குடுக்குது மாப்ள?" என்பார். "இருபது மாமா" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, "அவ்வளவு பெரிய வண்டிக்குப் பரவாயில்லையே" என்று சந்தோஷப்படுவார். நீங்கள் சொன்னது கேலனுக்கு இருபது மைல். அவர் கணக்கில் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர். பெரியவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

அடுத்து டேஷ்போர்டு. சராசரி மைலேஜ் காட்டும் திரையை அடிக்கடி பூஜ்யமாக்குவது நல்ல பழக்கம். எந்த இடத்தில் என்பதில்தான் சூட்சுமம். ஹூஸ்டன் தட்டையான ஊர், ஆனால் ஃப்ளைஓவருக்குப் பஞ்சமில்லை. உச்சிக்கு ஏறியதும் பட்டனை அழுத்திப் பிடித்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இறங்கி முடிக்கும்வரை திரையில் டொயோட்டா பிரியஸ் வெட்கப்படும் எண் ஓடும். பக்கத்து சீட்டில் இருப்பவரை போட்டோ எடுக்கச் சொல்லலாம். பக்கத்து சீட்டில் யாரும் இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

எண்ணே வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. புது வண்டியின் கண்ணாடியில் விலைச்சீட்டு ஒட்டவேண்டும் என்று ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி 1958இல் சட்டம் கொண்டுவந்தார். மைலேஜும் பின்னால் அதில் வந்து ஏறிக்கொண்டது. ஆனால் வண்டியும் சுமையும் சேர்ந்த எடை வரம்பு 8,500 பவுண்டைத் தாண்டிய பிக்கப்புக்கு மைலேஜ் போடவேண்டிய கட்டாயம் கிடையாது. ஆகவே ஃபோர்டு எஃப்-150ஐ விட்டுவிட்டு, அந்த வரம்பைத் தாண்டிய எஃப்-250 வாங்குங்கள். மார்க் ஷீட்டே தராத பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்த மாதிரி. ஃபெயில் என்ற பேச்சே எழாது.

கணக்குப் பார்த்தே தீருவேன் என்பவர்களுக்கு: நாளுக்கு 60 மைல், மாதம் 20 வேலை நாள், ஆக 1,200 மைல். கேலனுக்கு 12 மைல் தரும் ராம் டிஆர்எக்ஸ் பிக்கப் மாதம் 100 கேலன் குடிக்கும். 20 தரும் எஃப்-150க்கு 60 கேலன். 37 தரும் ஃபோர்டு மேவரிக் ஹைப்ரிடுக்கு 32 கேலன் சொச்சம். 57 தரும் பிரியஸுக்கு 21. இனிமேல்தான் வேடிக்கை. 37இலிருந்து 57க்குப் போனால் மைலேஜ் இருபது கூடுகிறது. மிச்சமாவது 11 கேலன். 12இலிருந்து 20க்குப் போனால் கூடுவது எட்டுதான். மிச்சமோ 40 கேலன். ட்யூக் பல்கலைக்கழகத்தின் லாரிக், சோல் என்ற இருவர் 2008இல் சயன்ஸ் இதழில் இந்த மயக்கத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள். 2013 மாடல் முதல் அந்த விலைச்சீட்டிலும் நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்று போடுகிறார்கள், கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக.

இந்த ஆராய்ச்சியைப் பிக்கப்காரர் பயன்படுத்தவேண்டிய முறை இது. முதலில் டிஆர்எக்ஸ் வாங்குங்கள். ஒரு வருஷம் கழித்து எஃப்-150க்கு மாறுங்கள். கேலன் மூன்று டாலர் என்று வைத்துக்கொண்டால் மாதம் 120 டாலர் மிச்சம். மேவரிக்கை விற்றுப் பிரியஸ் வாங்கிய நண்பருக்கு 33 டாலர்தான். சுற்றுச்சூழல் பற்றி அடுத்த பார்ட்டியில் அவருக்கே நீங்கள் வகுப்பு எடுக்கலாம். மேவரிக் என்ற பெயரை மட்டும் வீட்டில் உச்சரிக்காதீர்கள். அதுவும் பிக்கப்தான், பின்னால் திறந்த தொட்டியும் உண்டு, ஊருக்குள் 42 தருகிறது. அது தெரிந்துவிட்டால் உங்கள் வாதம் அத்தனையும் அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

சரி, ஓட்டும் முறை. தொட்டியின் பின்கதவை இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று தடையில்லாமல் போகும், பெட்ரோல் மிச்சம் என்று ஆபீஸ் பார்க்கிங்கில் ஒருவர் சொல்வார். கேட்காதீர்கள். கதவு மூடியிருந்தால் தொட்டிக்குள் ஒரு காற்றுச்சுழல் உட்கார்ந்துகொள்ளும். கூரை மேலிருந்து வரும் காற்று அதன்மேல் வழுக்கிப் போய்விடும். மித்பஸ்டர்ஸ் டிவி நிகழ்ச்சியில் கதவை மூடிய டிரக் ஒன்று, இறக்கிய டிரக் ஒன்று என்று இரண்டையும் ஓட்டிப் பார்த்தார்கள். கதவு மூடிய டிரக்தான் அதிக தூரம் போனது. இதைச் சொன்னாலும் பார்க்கிங்காரர் நம்பமாட்டார். அவர் டிரக்கில் அந்தக் கதவு இறங்கினபடி மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் சந்தேகம்.

கேட்டி ஃப்ரீவே அகலமான இடத்தில், பக்கச் சாலைகளையும் சேர்த்து, 26 லேன். அத்தனை லேன் இருந்தும் காலையில் நிற்கத்தான் போகிறீர்கள். நிற்கிற நேரத்தில் முன்னால் இருப்பவர் பத்தடி நகர்ந்தால், விருட்டென்று கிளம்பிச் சடக்கென்று பிரேக் போடுங்கள். நின்று நின்று போகும் டிராஃபிக்கில் இப்படி ஓட்டினால் மைலேஜ் 10 முதல் 40 சதவீதம் வரை அடிவாங்கும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. முன்னால் இருக்கும் சின்னக் கார் கண்ணாடியில் உங்கள் கிரில்லைப் பார்த்துப் பதறி ஒதுங்குகிறதே, அந்தச் சுகத்துக்கு இதுதான் டிக்கெட். ஆகஸ்ட் மாதம் ஆபீஸ் நாற்காலியில் இருந்தபடியே ரிமோட்டில் என்ஜினைக் கிளப்பி ஏசி போட்டுவிடுவீர்கள். நிற்கும் என்ஜின் மணிக்குக் கால் கேலனிலிருந்து அரை கேலன் வரை குடிக்கும். அந்த நேரத்து மைலேஜ் என்ன என்று மாமனார் கேட்கமாட்டார்.

டயரில் காற்று சரியாக இருக்கட்டும். ஆனால் பெரிய டயர் மாட்டும் ஆசை வந்தால், மீட்டரைத் திருத்தச் சொல்ல மறக்காதீர்கள். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் உருளும். மீட்டர் பழைய கணக்கிலேயே குறைவாக எண்ணும். ஏற்கனவே இறங்கிய மைலேஜ் இன்னும் இறங்கினதாகக் காட்டும். ஃப்ளைஓவர் வித்தையெல்லாம் அப்போது பலிக்காது.

இத்தனைக்குப் பிறகும் யாராவது வாய் திறந்தால் பழியைக் கோழிமேல் போடுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டன. பதிலுக்கு அமெரிக்கா 1964இல் இறக்குமதியாகும் லைட் டிரக்குகளுக்கு 25 சதவீதம் வரி போட்டது. கோழிச் சண்டையை எல்லோரும் மறந்தாயிற்று, வரி அப்படியே நிற்கிறது. வெளிநாட்டுச் சின்ன பிக்கப்புகள் வந்து போட்டி போட முடியாமல் போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம். எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975இல் மைலேஜ் சட்டம் வந்தபோதும் டிரக்குகளுக்குத் தனியாக இளக்கம் காட்டினார்கள். பிறகு வண்டி பெரிதாக இருந்தால் இலக்கு இன்னும் தாழும் என்று விதி செய்தார்கள். 2025இல் அந்த இலக்கை எட்டாத கம்பெனிக்கு அபராதம் பூஜ்யம் டாலர் என்று ஆக்கிவிட்டார்கள். அரசாங்கமே இவ்வளவு பாடுபட்டு உங்கள் டிரைவ்வேயில் கொண்டுவந்து நிறுத்திய வண்டியை யார் குறை சொல்வது?

கடைசியாக, பிக்கப் வைத்திருப்பவருக்கு என்று விதித்த ஒரு சேவை. தமிழ் நண்பர்கள் யார் வீடு மாறினாலும் முதல் போன் உங்களுக்குத்தான். பியர்லாண்டு மீனாட்சி கோயிலில் விசேஷம் என்றால் அண்டாவும் உங்கள் தொட்டியில்தான் ஏறும். முகம் சுளிக்காதீர்கள். தொட்டி அன்றாவது தொட்டியாக இருக்கிறது. சோபாவை இறக்கி வைத்ததும் நண்பர் கூச்சத்தோடு, "பெட்ரோலாவது நான் போட்டு விடறேங்க" என்பார். இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது முறை சம்மதியுங்கள். எஃப்-150க்கு 36 கேலன் டேங்கும் உண்டு என்பதை பங்க்கில் மீட்டர் ஓடத் தொடங்கிய பிறகு சொன்னால் போதும்.