பையன்பர்

கேமரா வாங்குகிறவர்கள் ஒரு ரகம். வாங்கிய கேமராவுக்குப் பை தேடுகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தினர் என்றைக்காவது ஒரு நாள் படம் எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். இரண்டாம் ரகத்தைச் சேர்ந்தவர் நம் பையன்பர்.

சென்னையில் வங்கிக் கிளை, காப்பீட்டு அலுவலகம், ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடம் என்று எங்கே தேடினாலும் ஒருவராவது அகப்படுவார். நாற்பதைத் தாண்டிய வயது, அடைந்துவிடும் தூரத்தில் வீட்டுக் கடன், ஞாயிறு விடிகாலையில் காசிமேடு அல்லது மயிலாப்பூர் மாட வீதி. அதோடு நின்றிருந்தால் எந்த வம்பும் இல்லை. "நல்ல படம் ஞாயித்துக்கிழமை பாத்தா வரும்?" என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றிவிடுகிறது. அன்றிலிருந்து கேமராவும் ஆபீஸ் போக வேண்டும்.

ஏற்கெனவே ஆபீஸ் போய்க்கொண்டிருப்பவை: சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், மடக்குக் குடை, படிக்கிற கண்ணாடி, பிரஷர் மாத்திரை, போன் சார்ஜர், அடையாள அட்டை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகு, திரும்பும் வழியில் காய்கறி வாங்க மடித்து வைத்த துணிப்பை ஒன்றும் சேர்ந்துகொண்டது. இத்தனைக்கும் நடுவில், தயிர்சாதத்துக்கும் லென்சுக்கும் அறிமுகம் ஏற்படாதபடி, ஒரே பை வேண்டும் என்கிறார். நியாயமான ஆசைதான். அதற்கு மேல் அவர் போடுகிற நிபந்தனைகளில்தான் நியாயம் காணாமல் போகிறது.

அண்ணா சாலைப் பக்கம் ஒரு கேமரா கடை. இவர் படியேறுவதைப் பார்த்ததுமே கடைப் பையன் டீ சொல்லிவிட்டு வருகிறான், எப்படியும் நேரமாகும் என்று.

"என்ன மாதிரி பாக்குறீங்க சார்?"

"கேமரா பைதாம்ப்பா. ஆனா பாத்தா கேமரா பைன்னு தெரியக் கூடாது. ரயில்ல, பஸ்ல போறோம்ல."

பையன் ஒரு சாம்பல் நிறத் தோள்பையை எடுத்து வைக்கிறான். ஆபீஸ் பை போலவே இருக்கிறது. பையன்பர் திருப்பிப் பார்க்கிறார், உள்ளே கைவிட்டுப் பார்க்கிறார், தோளில் மாட்டிக் கண்ணாடி முன் நிற்கிறார். முகம் சுருங்குகிறது.

"இது ரொம்ப ஆர்டினரியா இருக்கே?"

விஷயம் இங்கேதான் இருக்கிறது. உள்ளே கேமரா இருப்பது திருடனுக்குத் தெரியவே கூடாது. எதிரே வருகிற இன்னொரு கேமராக்காரருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இரண்டையும் ஒரே துணியில் தைத்துத் தர இதுவரை ஒரு தையல்காரரும் பிறக்கவில்லை.

முயற்சி செய்யாமலும் இல்லை. 1970களின் நடுவில் அமெரிக்காவில், பிலடெல்பியா இன்குவைரர் பத்திரிகையின் புகைப்படக்காரர் ஜிம் டோம்கி, பெட்டியாய் விறைத்து நிற்கும் கேமரா பைகளைச் சுமந்து சலித்து, உடம்போடு ஒட்டிக்கொள்கிற கான்வாஸ் பை ஒன்றை உருவாக்கினார். அதுதான் எஃப்-2. கொஞ்ச காலத்தில் அது தோளில் தொங்கினாலே ஆள் பத்திரிகைக்காரர் என்று சொல்லிவிடலாம் என்கிற நிலை வந்தது. இங்கிலாந்தில் 1973-ல் தொடங்கிய பில்லிங்ஹாம் நிறுவனம் முதலில் தைத்ததோ மீன்பிடிப் பை. தூண்டில்காரர்களுக்குத் தைத்ததை நியூயார்க் புகைப்படக்காரர்கள் வாங்கிப் போகிறார்கள் என்று பிற்பாடு தெரிந்ததும் கேமரா பக்கம் திரும்பிவிட்டார்கள். மீன் பை என்று திருடன் ஏமாந்ததெல்லாம் பழைய கதை. காக்கிக் கான்வாஸ், தோல் வார், பித்தளைப் பூட்டு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இன்றைக்கு அவன் விலையையே சொல்லுவான்.

பையன்பர் தனி ஆளும் இல்லை. 2015-ல் பீக் டிசைன் என்கிற அமெரிக்க நிறுவனம், கேமராவும் கொள்ளும், தினப்படி சாமானும் கொள்ளும் என்று ஒரு தோள்பையின் மாதிரியைக் காட்டிக் கிக்ஸ்டார்ட்டரில் பணம் கேட்டது. இன்னும் தைத்து முடியாத பைக்கு 48 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. உலகம் முழுக்க இவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள்.

எடைக் கணக்கை அவரிடம் பேசக் கூடாது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிக்கான் டி850, பேட்டரியோடு சேர்த்து ஒரு கிலோ. 24-70 லென்ஸ் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். "எதுக்கும் இருக்கட்டும்" என்று வைக்கிற 70-200 லென்ஸ் கிட்டத்தட்ட ஒன்றரை. இந்த மூன்று மட்டுமே மூன்றரைக் கிலோ. தண்ணீர் ஒரு லிட்டர், சாப்பாடு, குடை, பையின் சொந்த எடை எல்லாம் கூட்டினால், ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் போகிற மாதிரிதான். குழந்தையாக இருந்தால் பஸ்ஸில் உட்கார இடமாவது கிடைக்கும்.

பஸ் என்றதும் 29சி-யைச் சொல்ல வேண்டும். நின்றுகொண்டு வருகிறவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது சென்னைப் பேருந்தின் பண்பாடு. ஜன்னலோரத்து அம்மா கையை நீட்டுகிறார். "குடுங்க சார், வச்சிக்கிறேன்."

"பரவால்லம்மா, வெயிட்டா இருக்கும்."

"அட, குடுங்க."

பையின் வார் அவர் கைக்குப் போனதும் கை தொப்பென்று இறங்குகிறது. "என்ன சார் உள்ள, கல்லா?" கேமரா என்று சொன்னால் பஸ் முழுக்கத் தெரிந்துவிடும். "புக்ஸும்மா" என்கிறார் பையன்பர். புத்தகம்தானே என்று அந்த அம்மா பையைக் காலடியில் இறக்கி, அதன்மேல் தன் கத்தரிக்காய்ப் பையையும் வைத்துக்கொள்கிறார். இறங்குகிற வரைக்கும் பையன்பரின் கண் அந்தக் கத்தரிக்காயை விட்டு அகலுவதில்லை.

அடுத்தது வெல்க்ரோ. நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட முள்காயைப் பார்த்து அதைக் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல். அந்த நாய் அன்றைக்கு வேறு வழியாகப் போயிருக்கலாம். பையன்பரின் பையில் மூடியும் வெல்க்ரோ, உள்ளே இருக்கிற தடுப்புகளும் வெல்க்ரோ. ஆபீஸில் ஓர் இரங்கல் கூட்டம். ஒரு நிமிட மௌனம். குனிந்த தலைகள், ஜன்னல் வழியே சாய்ந்து விழுகிற வெளிச்சம், அற்புதமான படம். பையன்பரின் கை மெதுவாகப் பைக்குள் போகிறது. "பர்ர்ர்ர்ர்." குனிந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்கின்றன. அப்போதும் அவர் வேறு யாரையும் பார்க்காமல் பக்கத்து நாற்காலிக்காரரை முறைக்கிறார்.

வீட்டில் நிலைமை கொஞ்சம் வேறு. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு, பைக்குள்ளேயே கிடக்கிற லென்சில் பூஞ்சை பிடிக்கும். பையின் பஞ்சுத் தடுப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் கேமராவும் லென்சும் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் துணையோடு இருக்கின்றன. நீல மணி நனைந்து ரோஸ் ஆனதும் வாணலியில் போட்டுச் சூடு காட்டி மறுபடி நீலமாக்குவார், வீட்டுக்காரம்மா தாளிக்கக் காத்திருக்கிற நேரமாகப் பார்த்து.

பைகள் மட்டும் வெளியே, அலமாரிக்கு மேலே.

"ஏங்க, கேமரா டப்பாவுல இருக்கு. அப்ப இத்தனை பைலயும் என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அதான் கேக்குறேன்."

பதில் வராததால் அந்த அம்மாளே பைகளுக்கு வேலை கொடுத்துவிட்டார். ஒன்றில் பிரஷர் பார்க்கிற கருவி, ஒன்றில் கரண்ட் பில், வீட்டு வரி ரசீதுகள். தடுப்பு அதிகமுள்ள பை ஒன்றில் கொலு பொம்மை. செட்டியார், செட்டிச்சி, தராசு ஆளுக்கொரு அறையில் பத்திரமாக. வாங்கிய பைகளிலேயே சரியான பயனுக்கு வந்தது அதுதான் என்று தோன்றுகிறது.

கடைசியாக லண்டன் மைத்துனர் ஒரு பில்லிங்ஹாம் கொண்டுவந்தார். கான்வாஸுக்கு நடுவே ரப்பர் வைத்துத் தைத்தது, மழைக்கு அசையாது. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் அதற்கு முதல் உலா. படகுகள் வந்து நிற்கின்றன, ஏலம் களை கட்டுகிறது, கிழக்கே வானம் சிவக்கிறது. இவரும் கூட்டாளிகளும் டீக்கடை ஓரத்தில் நின்று பையின் தையலைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். வெளிச்சம் பார்க்கலாம் என்று பையைத் தரையில் வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போனார், அவ்வளவுதான்.

"யார்துப்பா இந்தப் பை? எடு எடு, கூடை எறக்கணும்."

கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது. பையன்பர் பாய்ந்து வருகிறார். "அக்கா, அக்கா! மீன் தண்ணி பட்டுடும்!"

கூட்டாளிகளில் சரித்திரம் தெரிந்த ஒருவர் சும்மா இருக்கக் கூடாதா? "பட்டா என்ன சார், மீன் பிடிக்கத் தைச்ச கம்பெனிதானே?"

அக்கா பையை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "மீன் பையா? அப்ப இன்னாத்துக்குக் கூவுற? தொற, வஞ்சிரம் எவ்ளோ போடட்டும்?"