‘ரெண்டு வார்த்தை பேசுங்க சார்’: மல்லேஸ்வரத்து மேடை நடுக்கம் குறித்த ஓர் ஆய்வு

1. சிக்கல்

பெங்களூரு மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசும் தமிழரைக் கவனிக்க. கன்னடம் அரைகுறை, கூட்டம் இடிக்கிறது. ஆயினும் “ஏனப்பா, இஷ்டு ஜாஸ்தியா?” என்னும் குரலில் நடுக்கம் துளியும் இல்லை. அவரே பொங்கல் விழாவில், தாய்மொழியில், தெரிந்த முகங்களுக்கு முன் மைக்கைப் பிடித்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஏன்?

2. வகைப்பாடு

நடுங்குவோர் மூவகையர்.
தட்டுநர்: “கேக்குதா?” என்று மைக்கைத் தட்டி, கேட்கிறது என்று சபை சொன்ன பிறகும் தட்டுபவர்.
துறப்பாளர்: “எனக்குப் பேசவே வராது” என்று தொடங்கி, அதை விரிவாக நிறுவுபவர்.
காகிதர்: எழுதி வந்ததைத் தலைதூக்காமல், அடித்த வரிகளையும் சேர்த்தே வாசிப்பவர்.

3. சான்றுகள்

அ) 1993-இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். முகத்தில் சலனம் காட்டாத நடுவர்கள் முன் 5 நிமிடம் பேச வேண்டும்; பிறகு 1022-இலிருந்து 13, 13-ஆகக் கழிக்க வேண்டும். எச்சிலில் கார்ட்டிசால் என்னும் பதற்ற ஹார்மோன் எகிறியது. அங்கே நடுவர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டது. இங்கே முதல் வரிசை உறவினர்களுக்கு அது பிறவிக்கலை.

ஆ) சவிட்ஸ்கி, கிலோவிச் என்னும் உளவியலாளர்கள் 2003-இல் காட்டியது: பேசுபவர் நினைக்கும் அளவுக்கு அவர் பதற்றம் சபைக்குத் தெரிவதில்லை. இதை முன்கூட்டியே சொல்லக் கேட்டவர்கள் இன்னும் நன்றாகவே பேசினார்கள்.

இ) 1891-இல் லண்டனில் பிரிவுபசார விருந்தில் காந்திக்கு, தயாரித்துச் சென்ற பேச்சில் முதல் வாக்கியத்துக்கு மேல் ஓடவில்லை. 1893-இல் பிரிட்டோரியாவில், வணிகத்தில் உண்மை என்ற பொருளில் நன்கு தயாராகி எழுந்தார்; பேசினார்.

ஈ) மல்லேஸ்வரத்தில் வீடு வைத்திருந்த திருச்சிக்காரர், இயற்பியலாளர் சி.வி.ராமன், 1968-இல் தம் 80-ஆம் வயதில் அகமதாபாத்தில் பேச எடுத்துக்கொண்ட பொருள்: வானம் ஏன் நீலம்? வானத்தைப் பார்ப்பவருக்குத் தம் வேட்டி மடிப்பைப் பற்றிய கவலை வராது.

4. முடிவு

பேரத்தில் கண் கொத்தமல்லியின் மேல். மேடையில் கண் தன் மேல். நடுக்கத்தின் ஊற்று அதுவே. ஆகவே தைரியத்தைத் தனியாகத் தேடுவது வீண். சொல்லியே தீரவேண்டிய ஒன்று முதலில் வேண்டும். அடுக்ககக் கூட்டத்தில் எழுந்து தண்ணீர் லாரிக் கணக்கைக் கேட்பது நல்ல தொடக்கம். அடுத்த மாதம் பதிலை மறுத்துப் பேசலாம். படபடப்பு உடனே போகாது. போகாமலே பேசப் பழகுவதுதான் பயிற்சி.

5. ஆய்வின் எல்லை

பயம் தெளிந்தவரை மேடையிலிருந்து இறக்கும் முறை இதில் ஆராயப்படவில்லை. “இலை போட்டாச்சு” என்னும் அறிவிப்பு பலன் தருவதாகக் களத்தகவல் உண்டு. அதுவும் பேசுபவருக்குப் பசித்தால் மட்டுமே.