ஒண்ணரை மணி நேரம்தானே!

போன ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் பக்கத்து முத்தியால்பேட்டையில் ஒரு நிச்சயதார்த்தம். சாம்பார் முடிந்து ரசம் வந்த நேரத்தில் பக்கத்து இலைக்காரர் என் பக்கம் சாய்ந்தார். "பையன் பல்லாவரத்துல ரூம் எடுத்திருக்கானாமே? எதுக்குங்க வெட்டியா வாடகை? இங்கேர்ந்து ஏர்போர்ட் ஒண்ணரை மணி நேரம்தானே!"

ரசம் அதற்குமேல் இறங்கவில்லை. கோபமும் இன்னும் இறங்கவில்லை. தனி ஜெட் ஓட்டுகிற பையனுக்கு வீடு எங்கே இருக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் ஒரேயடியாகச் சொல்லி முடித்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இந்த ஒன்றரை மணி நேரத்தைக் கவனித்துவிடுவோம். ஐயம்பேட்டைக்காரர் கேட்டாலும் ஒன்றரை என்கிறார். காஞ்சிபுரத்துக்காரரும் ஒன்றரை. ஆற்றைத் தாண்டி இருக்கும் செய்யாறு மச்சானும் கூசாமல் ஒன்றரை என்கிறார். வந்தவாசியில் பெண் கொடுத்த சித்தப்பா மட்டும் நியாயஸ்தர். "ஒண்ணே முக்கால்னு வச்சுக்கோயேன்" என்பார். வடதமிழ்நாட்டில் யார் எங்கிருந்து புறப்பட்டாலும் மீனம்பாக்கம் ஒன்றரை மணி நேரத்தில் வந்து நின்றுவிடுகிறது.

வாலாஜாபாத் தாண்டும்வரை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரகடத்தில் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு ஒரு டிரெய்லர் நடுச்சாலையில் திரும்பும். அது திரும்பி முடிப்பதற்குள் பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர் இறங்கி, டீ குடித்து, பாக்கி சில்லறைக்குச் சண்டையும் போட்டுவிட்டு வந்துவிடுவார். பிறகு படப்பைக் கடைத்தெரு. பிறகு வண்டலூர். விடுமுறை நாளாக இருந்தால் மிருகக்காட்சி சாலைக்குப் புலி பார்க்க வந்த குடும்பங்கள் சாலையை ஆற அமரக் கடக்கும். ஜி.எஸ்.டி. சாலையில் ஏறியாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைப்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். தாம்பரம் இருக்கிறது, குரோம்பேட்டை இருக்கிறது, வெள்ளிக்கிழமையானால் பல்லாவரம் சந்தை இருக்கிறது.

அந்த ஒன்றரை மணி நேரத்தை நேரில் கண்டவர் யாராவது உண்டா என்று விசாரித்தும் பார்த்துவிட்டேன். ஒருவர் விடியற்காலை மூன்று மணிக்குப் போனவர். இன்னொருவர் கொரோனா ஊரடங்கில் பாஸ் வாங்கிக்கொண்டு போனவர். மூன்றாமவர் ஆம்புலன்ஸில் போனவர். எவ்வளவு நேரமாயிற்று என்பது அவருக்கே தெரியாது, மச்சினன் சொல்லித்தான் தெரியுமாம்.

நானும் லேசுப்பட்டவனில்லை. பையனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, "சென்னைக்குப் பக்கம்தாங்க, ஒண்ணரை மணி நேரம்" என்று நானும் வாய் கூசாமல் சொன்னேன். கல்யாணப் பேச்சில் சொல்வது கணக்கில் வராது.

இதில் எனக்குப் பெரிய அடி பிரிட்டனிலிருந்து விழுந்தது. அங்கே விமானிகளின் வேலை நேரத்துக்கென்று கேப் 371 என்று ஒரு பழைய விதிப் புத்தகம் உண்டு. வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு வழக்கமாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால், பக்கத்திலேயே தற்காலிகமாகத் தங்க இடம் பார்ப்பதைப் பற்றி யோசி என்கிறது அது. உலகத்தில் வேறு எண்ணே இல்லையா? இரண்டு என்று போட்டிருக்கக் கூடாதா? அந்தக் குழுவில் நம் செய்யாறு மச்சான் மாதிரி ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் ஹோம் பேஸ் எது என்று முடிவு செய்வது கம்பெனி. வழக்கமாக வேலை தொடங்குவதும் முடிவதும் அங்கேதான். வீட்டிலிருந்து அதுவரை போகும் நேரம் டூட்டியில் சேராது. ஆனால் கம்பெனியே அவனை வேறொரு விமானத்தில் பயணியாக ஏற்றி ராய்ப்பூரில் நிற்கும் ஜெட்டை எடுக்க அனுப்பினால், அதற்குப் பொசிஷனிங் என்று பெயர். வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு போனாலும் அது டூட்டி. ஒரகடத்தில் டிரெய்லருக்குப் பின்னால் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தால் அது டூட்டி இல்லை. இதை நான் எங்கள் நெசவாளர் தெருவில் எல்லோருக்கும் விளக்கியிருக்கிறேன். இப்போது என்னைக் கண்டால் பாவு நீட்டுகிறவர்கள்கூட அவசரமாக அடுத்த முனைக்குப் போய்விடுகிறார்கள்.

பையன் இருப்பது, பலர் சேர்ந்து ஒரே விமானத்தில் பங்கு வாங்கும் தொழிலில். இந்தப் பங்கு ஜெட் வியாபாரத்தைக் கண்டுபிடித்தவர் ரிச்சர்ட் சான்டுல்லி என்ற அமெரிக்கர். 1986-இல் தொடங்கினார். நெட்ஜெட்ஸ் என்று பெயர் பெற்ற அந்தக் கம்பெனியை 1998-இல் வாரன் பஃபெட் வாங்கிக்கொண்டார். விமானத்தில் பதினாறில் ஒரு பங்கு வாங்கினால் ஆண்டுக்கு 50 மணி நேரம் பறக்கலாம். கோயில் உற்சவத்தில் மண்டகப்படி பிரித்துக்கொள்வது போலத்தான். ஆனால் மண்டகப்படியில் யாருக்கு எந்த நாள் என்பது பத்திரிகையிலேயே அச்சாகிவிடும். இங்கே உபயதாரர் சில மணி நேரம் முன்னால் போன் போட்டால் போதும், சுவாமி அவர் வாசலில் வந்து நிற்க வேண்டும். அவர் வரவில்லை என்றாலும் சுவாமி காலியாகவே அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டும்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட கம்பெனிகளில் ஏழு நாள் வேலை, ஏழு நாள் வீடு என்பது சகஜம். கம்பெனி தரும் பட்டியலில் ஒரு விமான நிலையத்தை விமானி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து ஜெட் நிற்கும் ஊருக்கு டிக்கெட் கம்பெனி செலவு. இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. "ஏழு நாள் வீட்லயா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

எங்கள் வீட்டுக்குக் கிடைப்பது எப்போதாவது ஒரு அரைநாள். ரோஸ்டர் மாறப்போகிறதோ என்ற பயத்தோடுதான் வருவான். வெள்ளைச் சட்டை தறிக்கம்பத்தில் தொங்கும், பெட்டி திண்ணையில் நிற்கும், போன் இலைக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடக்கும். தோளில் மூன்று தங்கக் கோடு. முதல்முறை வந்தபோது அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பரம்பரைப் பழக்கம், விடவில்லை. டெஸ்டட் என்கிற மட்ட ஜரிகைகூட இல்லை, வெறும் பாலியஸ்டர்.

2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்ததே, அந்த வாரம் மட்டும் எனக்கு மரியாதை கூடியிருந்தது. விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியில் வெளியிட்ட விமானி ஓய்வு விதிப்படி வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி, இரவு என்பது காலை ஐந்துக்குப் பதில் ஆறு வரை என்றெல்லாம் டீக்கடையில் என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். விமானியும் தூங்க வேண்டும் என்று ஊரே ஒத்துக்கொண்டது. ஜனவரியில் அதே ஊர், "பொங்கலுக்குக்கூட பையன் வரலியா?" என்று கேட்டது.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ அருகே கோல்கன் கம்பெனி விமானம் ஒன்று விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானி வேலைக்கு வந்து சேர்ந்ததே சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் விமானம் மாறி. கேப்டன் விபத்துக்கு முந்தின இரவு ஊழியர் அறையில் படுத்தவர். விபத்துக்குக் காரணம் அது மட்டும்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் பல்லாவரம் வாடகையை மாதாமாதம் நான் கணக்குப் பார்ப்பதில்லை. இதை அந்த ரசத்துக்காரரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது, அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

"பரந்தூர் வந்துட்டா சைக்கிள்ல போலாம்" என்று ஆறுதல் சொல்கிறவர்கள் தனி ரகம். அங்கே புது விமான நிலையம் என்று 2022-இல் அறிவித்தார்கள். ஏகனாபுரத்துக்காரர்கள் அன்றிலிருந்து வேண்டாம் என்று போராடுகிறார்கள். என் பையன் சைக்கிளில் போவதற்காக அவர்கள் ஏரியையும் வயலையும் கொடுக்க வேண்டும் என்று நான் எந்த முகத்தோடு கேட்பது? போகட்டும்.

இப்போது கல்யாணத் தேதி. முகூர்த்தப் புடவை தறியில் ஏறியாயிற்று, ஆடி பிறப்பதற்குள் அறுத்துவிடலாம். ஜோசியர் ஆவணியில் மூன்று நாள் குறித்துக் கொடுத்தார். பையனிடம் கேட்டால், "மூணையும் லீவு கேட்டு வைக்கிறேம்பா, ஒண்ணாவது கிடைக்கும்" என்கிறான். சரி, மூன்று நாளும் இருக்கட்டும் என்று வாலாஜாபாத் மண்டபத்தில் போய்ச் சொன்னேன். மேனேஜர் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணு நாளுக்கும் அட்வான்ஸ் கட்டிடுங்க. வேணாம்ற நாளுக்குத் திருப்பித் தர மாட்டோம்."