வாலை ஆட்டுவது வயிறு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாய்களின் வயிற்றைப் பற்றியவை. கடைகளில் குடல் நலப் பவுடர்கள் டப்பா டப்பாவாக வந்து அடுக்கிக் கிடப்பதால் வந்த குழப்பம்தான். மற்ற கேள்விகள் அடுத்த முறைக்குக் காத்திருக்கட்டும். இன்று முழுக்க வயிற்றுக்கே இலை போட்டிருக்கிறேன்.

கேள்வி: “நாய் வயிறு கல்லைத் தின்றாலும் கரைச்சிடும்” என்கிறார் எங்கள் அப்பத்தா. அதே வயிற்றுக்கு புரோபயாடிக் பவுடர் கட்டாயம் வேண்டும் என்கிறார் பெட் ஷாப்காரர். யார் பேச்சைக் கேட்பது? – வாசகி, காரைக்குடி

பதில்: அப்பத்தா சொல்வது இரைப்பையை. கடைக்காரர் சொல்வது அதற்குக் கீழே இருக்கும் குடலை. இரண்டு பேரிடமும் பாதி உண்மை இருக்கிறது.

நாயின் இரைப்பை அமிலம் கடுமையானது. நம்மைப் படுக்கையில் தள்ளக்கூடிய பல கிருமிகளின் கதை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடித்தனம் நடத்துகின்றன. நாயால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை நொதிக்கவைத்து ப்யூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. குடலின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்கு அதுதான் மூன்று வேளைச் சாப்பாடு. இன்னும் சில நுண்ணுயிர்கள் பித்த அமிலங்களை மாற்றியமைத்து, கெட்ட கிருமிகள் தலையெடுக்காமல் பார்த்துக்கொள்கின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்தி செல்களில் பெரும் பகுதி குடலோரம்தான் காவல் நிற்கிறது. அதனால்தான் வயிறு கெட்ட நாய் வாலைத் தொங்கப்போட்டு மூலையில் படுத்துவிடுகிறது.

இன்னொன்றையும் அப்பத்தாவிடம் சொல்லுங்கள், மகிழ்ந்துபோவார். ஓநாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் ஒரு மரபணு 2 பிரதிகள்தான். நாய்க்கு அது 4 முதல் 30 வரை இருக்கிறது என்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2013-ல் கண்டுபிடித்தார்கள். நம் சோற்றுப் பானைக்குப் பக்கத்திலேயே தலைமுறை தலைமுறையாகப் படுத்து, நாய் தன் வயிற்றையே நமக்காக மாற்றிக்கொண்டிருக்கிறது.

உயிருள்ள நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய அந்தப் பவுடருக்கு வருகிறேன். வேளைக்குச் சாப்பிட்டு, கெட்டியாக மலம் கழித்து, ஓடி ஆடும் நாய்க்கு அது கட்டாயம் இல்லை. பேதி, ஆன்டிபயாடிக், திடீர் தீவன மாற்றம், ஊருக்குப் போகும்போது காப்பகத்தில் விட்டுவிட்டு வருவது என்று குடல் ஆட்டம் காணும் நாட்களில் அது கைகொடுக்கும். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், திடீர் பேதி கண்ட 148 நாய்களை இரண்டாகப் பிரித்தார்கள். நல்ல பாக்டீரியாவும் வெண்களிமண்ணும் கலந்த பசை கொடுத்த நாய்களுக்கு ஏறக்குறைய 32 மணி நேரத்தில் பேதி நின்றது. மற்றவற்றுக்கு 47 மணி நேரம் ஆனது. 15 மணி நேர வித்தியாசம். ராத்திரி மூன்று மணிக்குக் கூடத்தைக் கழுவித் துடைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கேள்வி: தினமும் தயிர்சாதம் வைக்கிறேன். அதைவிடவா பெரிய புரோபயாடிக்? – வாசகர், கும்பகோணம்

பதில்: தயிரை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பாலிலுள்ள சர்க்கரையை உறை கொஞ்சம் தின்றுவிடுவதால் தயிர் ஒத்துப்போகிறது. ஒன்றிரண்டு கரண்டி, உப்பில்லாமல், தாளிக்காமல் தாராளமாக வையுங்கள்.

ஆனால் தயிர் உணவு, மருந்தல்ல. எந்தப் பாக்டீரியா, எத்தனை என்பது நேற்றைய உறைக்கும் இன்றைய உறைக்கும் மாறும். நாய்களின் பேதிக்கு இது கேட்கும் என்று சோதித்துப் பார்த்த இனம் உங்கள் வீட்டுச் சட்டியில் இருக்க வேண்டும் என்பதில்லை.

தயிர்சாதத்தைவிட எனக்குக் கவலை தருவது அதற்கு முந்தைய சாதங்கள்தான். சாம்பார் சாதத்தில் இருக்கும் வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்தில் மிதக்கும் திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் அதற்குக் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். அந்த அமிலம் புளியில் ஏராளம். புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களைப் பற்றிக் கால்நடை மருத்துவ இதழில் பதிவே இருக்கிறது. ஆகவே புளியோதரை உங்களோடு நிற்கட்டும். “நாய் வயிற்றில் நெய்ச்சோறு தங்குமா” என்று கேட்டு வைத்தவர்களும் விஷயம் தெரிந்தவர்கள்தான். கொழுப்பு மிகுந்தால் நாய்க்குக் கணையம் வீங்கும். அந்த வலி மிகக் கொடியது.

கேள்வி: ப்ரீபயாடிக், புரோபயாடிக், போஸ்ட்பயாடிக்… மூன்றும் ஒன்றுதானே? – பள்ளி மாணவர், தேனி

பதில்: இல்லை தம்பி. உங்கள் ஊர் வயலையே எடுத்துக்கொள்வோம். புரோபயாடிக் விதை, அதாவது உயிருள்ள நல்ல நுண்ணுயிர். ப்ரீபயாடிக் உரம், அந்த நுண்ணுயிர் தின்னும் நார்ச்சத்து. போஸ்ட்பயாடிக் அறுவடை. உயிர் நீக்கிய நுண்ணுயிரும் அது விட்டுச்சென்ற நல்ல பொருள்களும் அதில் அடக்கம். உரத்தைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. உப்பில்லாமல் வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு கரண்டி போதும். ஊறவைத்த இசப்கோல் கொஞ்சம் சேர்த்தால் இளகிய மலம் இறுகும், இறுகிய மலம் இளகும். இசப்கோலைத் தண்ணீர் இல்லாமல் மட்டும் கொடுத்துவிடாதே.

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறைக்கு உண்ணிக் காய்ச்சல். டாக்டர் டாக்ஸிசைக்ளின் 28 நாள் எழுதியிருக்கிறார். ஐந்தாம் நாளே வயிறு இளகிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடல் பவுடர் கொடுக்கலாமா? – வாசகர், சிவகாசி

பதில்: நிறுத்தவே கூடாது. உண்ணிக் காய்ச்சல் பாதியில் விட்டால் பதுங்கியிருந்து திரும்ப வரும். மாத்திரையும் பவுடரும் சேர்ந்தே போகலாம், ஒரே வேளையில் மட்டும் வேண்டாம். ஆன்டிபயாடிக்குக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பேதம் தெரியாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டால்தான் பவுடரில் இருப்பது பிழைக்கும்.

இங்கே ஈஸ்ட் வகைப் புரோபயாடிக்குக்கு ஒரு வசதி உண்டு. 1920-களில் இந்தோசீனாவில் காலரா பரவியபோது, லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல் கஷாயம் குடித்தவர்கள் தேறுவதை ஹென்றி பூலார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கவனித்தார். அந்தத் தோலிலிருந்து அவர் பிரித்தெடுத்த ஈஸ்டுதான் சாக்கரோமைசிஸ் பூலார்டி. அது பாக்டீரியா இல்லை என்பதால் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதை ஒன்றும் செய்யாது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் நாய்க்கு மட்டும் இந்த உயிருள்ள ஈஸ்டு ஆகாது. டாக்டரிடம் இதன் பெயரைச் சொல்லி, உங்கள் நாயின் எடைக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். உணவோடு கொடுத்துக் கொஞ்சம் தண்ணீரும் குடிக்க வையுங்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். அந்த வேளையில் பாலும் தயிரும் வேண்டாம். அவற்றின் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொரு வார்த்தை. சாதாரண பேதி என்றாலே மெட்ரோநிடசோல் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நலமான நாய்களுக்கு அதை இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், மருந்தை நிறுத்தி நான்கு வாரம் ஆகியும் சில நாய்களின் குடல் நுண்ணுயிர்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் பட்டையிலிருந்து நாமே பிய்த்துக் கொடுப்பதை இன்றோடு விட்டுவிடுவோம்.

கேள்வி: கடையில் பத்து வகை டப்பா. ஒன்றில் கோடிகள், இன்னொன்றில் அதைவிட அதிகக் கோடிகள். எப்படித் தேர்ந்தெடுப்பது? – வாசகி, சென்னை

பதில்: கோடியைப் பார்த்து மயங்க வேண்டாம் அம்மா. கனடாவில் 2011-ல் 25 புரோபயாடிக் பொருள்களை வாங்கிச் சோதித்தார்கள். லேபிளும் ஒழுங்காக இருந்து, சொன்ன அளவும் உள்ளே இருந்தவை 2 மட்டுமே. அந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து கண்ணாடி போடாமல் நான் எந்த டப்பாவையும் வாங்குவதில்லை.

முதலில் பெயரைப் பாருங்கள். ‘லாக்டோபேசில்லஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. “நாய்க்குட்டி விற்பனைக்கு” என்று மட்டும் விளம்பரம் வந்தால் பணம் கட்டுவோமா? ராஜபாளையமா, கோம்பையா, பொமரேனியனா என்று கேட்க மாட்டோமா? நுண்ணுயிரிலும் அப்படியே. எண்டரோகாக்கஸ் ஃபீசியம் எஸ்.எஃப்.68 என்பது போல, பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணும் வர வேண்டும். ஆய்வு நடப்பது அந்தக் குறிப்பிட்ட வகையை வைத்துத்தான்.

அடுத்து, டப்பாவில் போட்டிருக்கும் எண்ணிக்கை தயாரித்த அன்றைக்கா, காலாவதி நாள் வரைக்குமா? இரண்டாவதுதான் நமக்கு வேண்டும். தயாரித்த அன்று எல்லாருமே ஆரோக்கியமாகத்தான் இருப்பார்கள்.

மூன்றாவது, நம் ஊர் வெயில். மே மாதத்தில் கூரியர் வண்டிக்குள் இரண்டு நாள் வெந்து வரும் பவுடரில் எத்தனை உயிர் மிஞ்சும்? நான் ஒருமுறை ஆசையாக வரவழைத்த டப்பா, கையில் வாங்கும்போது சுடுசோறு போல இருந்தது. உள்ளே பவுடர் கல்லாக இறுகிக் கிடந்தது. இப்போதெல்லாம் கோடையில் நேரில் போய், ஏ.சி. உள்ள கடையில் வாங்குகிறேன். பேசில்லஸ் கோயாகுலன்ஸ் போன்ற வித்து வடிவ வகைகள் வெயிலைக் கூடுதலாகத் தாங்கும். எதுவானாலும் சுடுசோற்றில் கலக்காதீர்கள். சோறு ஆறட்டும்.

கேள்வி: எனக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த புரோபயாடிக் கம்மி மிட்டாய் மிச்சம் இருக்கிறது. டாமிக்குக் கொடுக்கலாமா? – வாசகர், கோவை

பதில்: வேண்டவே வேண்டாம். சர்க்கரை சேர்க்காத மிட்டாய்களிலும் சிரப்புகளிலும் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கக்கூடும். நமக்கு அது சாது. நாய்க்கோ ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரத்தச் சர்க்கரையைப் படுபாதாளத்துக்கு இறக்கிவிடும். ஈரலையும் கெடுக்கும். அந்த மிட்டாயை டாமிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் அல்சேஷன் மலை போலச் சாப்பிடுகிறான், விலா எலும்பு தெரிகிறது. மலம் வெளிறி, நிறைய, எண்ணெய்ப் பசையாகப் போகிறது. மூன்று வகைப் பவுடர் மாற்றிவிட்டோம். – வாசகர், திருச்சி

பதில்: நான்காவது டப்பாவை வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காத நோயோடு பொருந்துகின்றன. அல்சேஷன்களிடம் அது அதிகம். பட்டினி போட்டு எடுக்கும் டி.எல்.ஐ. என்ற இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கூடவே பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் அது பெரும்பாலும் தாழ்ந்திருக்கும். உறுதியானால், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் கணைய நொதிப் பவுடரைக் கலந்து வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும். அதுவும் ஒரு பவுடர்தான், ஆனால் உயிர் காக்கும் பவுடர். சரியானதைச் சேர்த்ததும் எலும்புக்கூடாக இருந்த நாய்கள் சதை போட்டு எழுந்து நிற்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். இந்த வாரமே போய்விடுங்கள். சென்னைப் பக்கம் வருவதானால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

கேள்வி: இரண்டு மாதக் குட்டி, தடுப்பூசி போடவில்லை. காலையிலிருந்து வாந்தி, இரத்தப் பேதி. எந்தப் பவுடர் நல்லது? – வாசகி, வேலூர்

பதில்: கடிதம் வந்த அன்றே இவருக்குத் தனியாகச் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குட்டி இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். பார்வோ வைரஸாக இருக்கலாம். அதற்கு நரம்பு வழியாக டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். மணிக்கணக்கில்கூடத் தாமதம் கூடாது.

கேள்வி: எங்கள் ஜூலி விடும் வாயுவில் டிவி பார்க்க முடியவில்லை. – வாசகர், ஈரோடு

பதில்: சேனலை மாற்றுவதற்கு முன் தட்டை மாற்றுங்கள். பாலும் பருப்பும் கொண்டைக்கடலையும் குறையட்டும். அவசரமாக விழுங்கும் நாய் காற்றையும் சேர்த்து விழுங்கும். பரந்த தட்டில் பரத்தி வைத்தால் நிதானமாகத் தின்னும். புதுத் தீவனம் என்றால் ஏழு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். இதற்கும் அடங்கவில்லை என்றால் இரண்டு மூன்று வாரம் புரோபயாடிக் கொடுத்துப் பார்க்கலாம். வயிறு மத்தளமாக உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால் மட்டும் அது வாயு இல்லை. இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அந்த நிமிடமே வண்டியை எடுங்கள்.

கேள்வி: உடம்பெல்லாம் சொறிகிறான். குடல் சரியானால் தோலும் சரியாகுமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: குடலுக்கும் தோலுக்கும் உறவு உண்டு. ஆனால் முதலில் காதுமடலையும் விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள். உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் குடலுக்கு வெளியேதான் குடியிருக்கின்றன.

கேள்வி: எங்கள் தெருவில் ஐந்து நாய்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அவற்றுக்கும் இந்தப் பவுடர் வாங்கலாம் என்று இருக்கிறோம். கறுப்பி வேறு குட்டி போட்டிருக்கிறாள். – தெருவாசிகள், மதுரை

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தப் பணத்தில் முதலில் குடற்புழு மாத்திரையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் வாங்கிவிடுங்கள். தெரு நாயின் குடலில் சத்தைத் திருடுவது பெரும்பாலும் புழுதான். அதை வெளியேற்றாமல் பவுடர் போடுவது திருடனுக்கு விருந்து வைப்பது போல. மிச்சப் பணத்தில் முட்டை வேகவைத்து, வெங்காயம் காரம் சேராத சோற்றில் பிசைந்து வையுங்கள். நிழலில் ஒரு சட்டித் தண்ணீர்.

கறுப்பிக்கு அவள் பால் கொடுப்பதைச் சொல்லி டாக்டரிடம் மருந்து கேளுங்கள். குட்டிகளுக்கு இரண்டு வாரம் ஆனதும் எடை பார்த்துப் புழு நீக்கச் சொட்டு மருந்து தொடங்க வேண்டும். பிறகு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. குட்டிகள் எத்தனை என்று எழுதவே இல்லையே?