டீயும் கீயும்

தமிழில் பி.ஏ. படித்த திமிர் எனக்கு இன்னும் இறங்கவில்லை. பிழைப்பு, கவரைப்பேட்டை குடோன் ஒன்றில் ஸ்டோர் கணக்கு எழுதுவது. லோடு ஏற்றுபவர்களில் பாதிப் பேர் பீகார். மீதியில் பலருக்கு வீட்டில் தெலுங்கு.

புதிதாக வந்த பீகார் பையனிடம், "டீ கீ வாங்கிட்டு வாப்பா" என்றேன். டீயோடு ஒரு சின்ன நெய்ப் பாக்கெட்டும் வந்தது. இந்தியில் கீ என்றால் நெய். 'சாய் வாய்' என்றிருந்தால் தப்பித்திருப்பேன்: நாம் கி, கீ போடும் இடத்தில் அவர்கள் வகரம் போடுகிறார்கள். தெலுங்கு நம் கட்சி. இந்தியாவை ஒரே மொழிப் பிரதேசமாகப் பார்க்கச் சொல்லி மொழியியலாளர் எமனோ 1956-இல் எழுதிய கட்டுரையில் இந்த எதிரொலிச் சொற்களும் ஒரு சாட்சி. இதெல்லாம் தெரிந்துதான் நெய்க்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன்.

இன்னொரு நாள், பெட்டிகளை எட்டு எட்டாகக் கட்ட வேண்டும். அப்படிச் சொல்லியிருக்கலாம். நன்னூல் படித்த வாய் சும்மா இருக்குமா? "எவ்வெட்டா கட்டுங்க" என்றேன். மீஞ்சூர்க்காரர் ஒருவர், "எந்த எட்டு சார்?" என்றார். இலக்கணப்படி அவர் கேட்டதும் சரி. எகர வினா எட்டோடு சேர்ந்தாலும் எவ்வெட்டுதான். ஆறு ஆறாக என்பதற்கு 'அவ்வாறு' என்று சொல்லியிருந்தால் இன்னும் விபரீதம்.

விட்டேனா? டீ நேரத்தில் ஆப்பிரிக்காவுக்கே போய்விட்டேன். எத்தியோப்பியாவின் ஓரோமோ மொழியில் சப்சூ என்றால் உடைத்தல். முதல் அசையை இரட்டித்து சச்சப்சூ என்றால் சுக்குநூறாக உடைத்தல். எவ்வெட்டு, பப்பத்து போலவே முதல் அசை திரும்பி வந்து மெய்யும் இரட்டிக்கிறது. பக்கத்து சோமாலியில் யர் என்றால் சிறிய, பன்மைக்கு யர்யர். நம் 'சின்னச் சின்ன' மாதிரி, ஆனால் நமக்கு அது விருப்பம், அவர்களுக்கு இலக்கணம். இவை இரண்டும் அடங்கிய குஷிடிக் குடும்பத்தில் இந்தப் பழக்கம் பரவலாக உண்டு என்று தொடங்கும்போது எதிரே இரண்டே பேர். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதற்குள் லாரி வந்துவிட்டது. எந்த இலக்கணமும் படிக்காத எங்கள் சூப்பர்வைசர் "சீக்கிரம் சீக்கிரம், ஜல்தி ஜல்தி" என்றார். விரைவுக்கு அடுக்குத்தொடர். அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள், தூங்கியவர் உட்பட.

எவ்வெட்டு, பப்பத்து என்று எண்களை இரட்டிக்கும் விதியில் நன்னூல் ஒன்பதை மட்டும் விட்டுவிட்டது. அதை வெறுமனே ஒன்பது ஒன்பது என்றே சொல்லலாம். ஆனால் ஒன்பது ஒன்பதாகக் கட்டும் சரக்கு எதுவும் எங்கள் குடோனுக்கு வருவதில்லை.